முகம் தொடாத ஆறு ரவுண்டு

கவரைப்பேட்டை அரிசி மில்லில் நெல் அவிக்கும் பெண்கள் பாக்கியராஜுக்கு வைத்திருந்த பெயர் விலாங்கு, கையில் பிடிபடாமல் வழுக்குகிற மீன். அவன் பெண்சாதி விக்டோரியாவும் அதே மில்லில்தான் வேலை செய்தாள். அவள் காதுபடவே சொல்வார்கள். குத்துச்சண்டைக்காரன் என்றால் ஒரு பல்லாவது போயிருக்க வேண்டும், மூக்காவது கோணியிருக்க வேண்டும். ஏழு வருஷமாகச் சண்டை போடுகிறவன் கல்யாண மாப்பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு திரிகிறானே, இது என்ன சண்டை என்று கேட்பார்கள்.

"உன் ஊட்டுக்காரரு சண்டைக்குப் போறாரா, இல்ல ஓடிப் புடிச்சி ஆடப் போறாராடி?" என்பாள் கன்னியம்மா. அவள்தான் அண்டாக்காரி, நெல் அவிக்கும் அண்டாவுக்குப் பொறுப்பு. அவள் சொன்னால் மற்றவர்கள் சிரித்தாக வேண்டும்.

விக்டோரியா பதில் சொல்வதில்லை. பதில் சொல்ல அங்கே நேரமும் இல்லை. விடியற்காலை நாலு மணிக்கு அடுப்பு பற்றவைத்தால் ஆறு மணிக்கு அண்டா ஆவி கக்கும். கூடையை உள்ளே விட்டு நெல்லை அள்ளிக் களத்தில் கொட்ட வேண்டும். ஆவி தோலை உரித்துவிடும். அதனால் முழங்கை வரைக்கும் விளக்கெண்ணெயை அப்பிக்கொள்வார்கள். தடவினால் போதாது, அப்ப வேண்டும். புதிதாக வருகிற பெண்ணுக்கு முதலில் கற்றுக்கொடுப்பது அதுதான்.

அது ஐம்பத்தாறாம் வருஷத்துச் சித்திரை. ஈஸ்டர் முடிந்து இரண்டு ஞாயிறு ஆகியிருந்தது. நவரைப் பட்டத்து நெல் வண்டி வண்டியாக வந்து இறங்கியது. களத்துச் சிமெண்டில் கால் வைக்க முடியவில்லை. மூன்று மணிக்குமேல் பழவேற்காட்டுப் பக்கமிருந்து உப்புக்காற்று வந்தால்தான் மூச்சு.

பாக்கியராஜ் ஸ்டேஷனில் பதிலி ஆள். தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன் யாராவது லீவு போட்டால் அந்த வேலையைப் பார்ப்பான். மெயில் வண்டி கவரைப்பேட்டையில் நிற்காது. ஒற்றை லைன் ஆனதால், அடுத்த ஸ்டேஷன் வரை போக அனுமதி என்று ஒரு டோக்கனைத் தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் கட்டி, ஓடுகிற இஞ்சினுக்குக் கொடுக்க வேண்டும். ஒரு கையில் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இஞ்சின்காரன் நீட்டும் பழைய வளையத்தை மற்றக் கையில் வாங்க வேண்டும். இஞ்சின் முகத்துக்கு நேரே ஒரு முழத்தில் போகும். கண்ணை மூடினவனுக்குக் கை இருக்காது. பாக்கியராஜ் மூடினதில்லை. நாலு வருஷம் இப்படிப் பதிலியாகவே போனது.

அந்தச் செவ்வாய்க்கிழமை இரண்டு காகிதம் வந்தது. ஒன்று நோட்டீஸ். பொன்னேரி சந்தை மைதானத்தில் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஆறு ரவுண்டு ஆங்கிலக் குத்துச்சண்டை, ராயபுரம் கோபாலுக்கும் கவரைப்பேட்டை பாக்கியராஜுக்கும். இரண்டாவது ரயில்வேக்காரர்கள் அனுப்பியது. வேலையை நிரந்தரமாக்க மெடிக்கல். பெரம்பூர் ஆஸ்பத்திரியில், திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு.

ஸ்டேஷன் மாஸ்டர் ஆதிகேசவன் அந்த இங்கிலீஷ் காகிதத்தைப் படித்துச் சொல்லிவிட்டு, கண்ணாடிக்கு மேலாகப் பாக்கியராஜைப் பார்த்தாராம். அங்கே மற்றது எல்லாம் பெயருக்குத்தான், கண் ஒன்றுதான் கணக்கு என்றாராம். போன தடவை ஒருத்தன் கண்ணில் கட்டியோடு போனான். வீங்கின கண்ணுக்கு எழுத்து தெரியவில்லை. ஃபெயில் என்று எழுதிவிட்டார்கள். மறுபடி கூப்பிடவே இல்லை என்றாராம். கோபால் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். அவன் இடது கையால் போன வருஷம் ஒருத்தனுக்குப் புருவம் கிழிந்து எலும்பு தெரிந்தது கும்மிடிப்பூண்டி வரைக்கும் எல்லோருக்கும் தெரியும்.

பாக்கியராஜ் அன்றைக்கே சைக்கிளை மிதித்துப் பழவேற்காடு போனான். சண்டையை நடத்துகிறவர் அமீருதீன் பாய். இறால் கருவாட்டு வியாபாரி. நல்ல மனுஷர். ஒரு வாரம் தள்ளிவைக்க முடியுமா என்று இவன் கேட்டதற்கு, பாய் தலையைக் குனிந்துகொண்டாராம். கூடூர் வரைக்கும் நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது, மேடைக்கு மரம் இறங்கிவிட்டது, நீ வரமாட்டேன் என்றால் வேறு ஆளைப் போடுகிறேன், ஆனால் ஊர் என்ன சொல்லும் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை என்றாராம். கருவாடு ஒரு பொட்டலம் கட்டிக்கொடுத்து அனுப்பினார்.

ஊர் என்ன சொல்லும் என்பது விக்டோரியாவுக்கும் தெரியும்.

சாயங்காலம் அவள் அண்ணன் ஜோசப் வந்தான். ஒரு காலத்தில் பெரிய அடிகாரன். வலது காது சுத்தமாகக் கேட்காது, மூக்கு இரண்டு இடத்தில் உடைந்தது. மச்சானுக்குச் சண்டை மேடையின் மூலையில் நின்று தண்ணீர் கொடுப்பது, விசிறுவது எல்லாம் அவன்தான். அவள் கேழ்வரகுக் களி கிளறி, பாய் கொடுத்த இறாலில் கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்திருந்தாள். மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

"இதுக்குப் போயி இன்னாத்துக்கு பேஜாரு பட்டுக்கினு கீற," என்றான் ஜோசப். "மொத ரவுண்டுலயே பூந்து அடி. சாச்சிட்டன்னா அப்பால அவன் எங்க உன் கண்ணத் தொடறது?"

"சாயலன்னா?"

"சாய்வான்."

"மச்சான், நான் அடிக்கப் போனா கை மூஞ்சிய வுட்டுப் போவும். போன கை திரும்பி வர்றதுக்குள்ள அவன் லெஃப்டு வந்துடும். அவனுக்கு வேண்டியது அதுதான். எதிராளி பூந்து வரணும்னுதான் அவன் காத்துக்கினு இருப்பான்."

"அப்ப இன்னா செய்யப் போற? ஆறு ரவுண்டும் மூஞ்சிய மூடிக்கினு நிக்கப் போறியா? சனம் சிரிக்கும்யா. எனக்கு அந்த மூலையில நிக்கவே வெக்கமா இருக்கும்."

பாக்கியராஜ் களியை உருட்டினான். வாயில் போடவில்லை. விக்டோரியா அண்ணன் தட்டில் குழம்பு ஊற்றினாள். பிறகு கரண்டியைச் சட்டியிலேயே வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். ஆறு ரவுண்டும் மூஞ்சில ஒரு அடி கூட வாங்காம உன்னால நிக்க முடியுமா?"

அவன் யோசித்தான். சும்மா சொல்கிற ஆள் இல்லை அவன். கோபாலின் கை, கால், உயரம் எல்லாவற்றையும் மனதுக்குள் ஒருமுறை நிறுத்திப் பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"முடியும்," என்றான். "ஜெயிப்பியான்னு மட்டும் கேக்காத."

"கேக்கல."

ஜோசப் தட்டிலேயே கை கழுவினான். கிளம்பும்போது அவளிடம், நீ பேசுவது ஆம்பிளைக்கு அழகில்லாத பேச்சு என்றான். உன் காதைக் காப்பாற்றிக்கொண்டு வந்திருந்தால் நான் இதை இவ்வளவு சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்காது என்றாள் அவள். ஜோசப்புக்கே சிரிப்பு வந்துவிட்டது.

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் மில்லிலிருந்து வந்ததும் ஒரே வேலை. ஈரக் கோணிப்பையை முறுக்கி முடிச்சுப் போட்டு, விக்டோரியா அவன் முகத்தைப் பார்த்து வீச வேண்டும். இடது பக்கமிருந்து வீச வேண்டும். நிஜமாக வீச வேண்டும். முதல் நாள் அவளுக்கு மனசு வரவில்லை. நீ பாவம் பார்த்தால் கோபாலும் பார்ப்பான் என்று நினைத்துவிடுவேன் என்றான் அவன். அப்புறம் பாவம் பார்க்கவில்லை. அக்கம்பக்கத்துக்காரர்கள் வேலிக்கு வெளியே நின்று, கட்டின பெண்சாதி புருஷனைக் கோணியால் அடிப்பதை வேடிக்கை பார்த்தார்கள்.

கையைப் பார்க்காதே, தோளைப் பார் என்பது அவன் பாடம். கை கிளம்புவதற்கு முன்னால் தோள் சொல்லிவிடும். முழங்கை விலாவை விட்டு அகலக் கூடாது. மோவாய் நெஞ்சில் ஒட்டியிருக்க வேண்டும். பின்னால் ஓடக் கூடாது. பின்னால் ஓடுகிறவனுக்குத்தான் முழு அடியும் விழும். அரை அடி பக்கவாட்டில் போனால் போதும். அரை அடிக்கு மேல் நகர்ந்தால் அது பயம் என்றான்.

வெள்ளிக்கிழமை அவள் நாற்பது தடவை வீசினாள். முகத்தில் ஒன்றும் படவில்லை. அவன் முன்கை இரண்டும் சிவந்துபோயிருந்தது. மில்லில் அவளை யாராவது ஏதாவது கேட்டால் இப்போது பதில் சொல்லலாம் போலிருந்தது. ஆனால் யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஜோசப் புருவத்துக்கு எண்ணெய் போடச் சொன்னான். தோல் வழவழப்பாக இருந்தால் கையுறை பட்டாலும் வழுக்கிப் போகும், கிழியாது. வழக்கமாக ஜோசப்பே ஒரு விரல் தொட்டுத் தடவிவிடுவான். அன்றைக்கு விக்டோரியா தானே போடுகிறேன் என்றாள். விளக்கெண்ணெய்ச் சீசாவை எடுத்து, அண்டாவுக்கு முன்னால் நிற்கும்போது கைக்குப் போடுகிற மாதிரி, இரண்டு புருவத்திலும் நெற்றியிலும் கன்னத்து எலும்பிலும் அப்பினாள். தடவினால் போதாது என்று பதினோரு வருஷமாகப் பழகின கை.

பொன்னேரி சந்தை மைதானத்தில் வெயில் இன்னும் இறங்கவில்லை. மாட்டுச் சாணி வாடையும் மல்லாட்டைக் கடலை வறுக்கும் வாடையும் கலந்து வந்தது. பக்கத்து ஆரணியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பெண்களுக்கென்று மேடைக்குப் பக்கத்தில் மூங்கில் கட்டி ஓர் ஓரம் விட்டிருந்தார்கள். மில்லிலிருந்து கன்னியம்மாவோடு எட்டுப் பேர் வந்து அங்கே உட்கார்ந்திருந்தார்கள். விக்டோரியா மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கோபால் பாக்கியராஜை விட நாலு விரல் உயரம். முதுகு மூட்டை சுமந்து அகன்றிருந்தது. மணி அடித்ததும் நேராக நடந்து வந்தான். இடது தோள் அசைந்ததை விக்டோரியா பார்த்தாள். அடுத்த நொடி அந்தக் கை பாக்கியராஜின் காதுக்குப் பக்கத்தில் காற்றில் போனது. இரண்டாவது அடி முன்கையில் விழுந்தது. நெல் மூட்டையைத் தரையில் போட்ட மாதிரி சத்தம்.

முதல் இரண்டு ரவுண்டும் அப்படியே போனது. கோபால் அடித்தான். இவன் முன்கையில் வாங்கினான், தோளில் வாங்கினான், தலையைச் சாய்த்துவிட்டான். எப்போதாவது இடது கையை நீட்டித் தொட்டுவிட்டு இழுத்துக்கொண்டான். கூட்டத்துக்குப் பொறுக்கவில்லை. மில்லில் வைத்த பெயர் இங்கேயும் எட்டியிருந்தது, விலாங்கு, விலாங்கு என்று ஆரம்பித்தார்கள். கவரப்பேட்டைக்கு வண்டி ஆறரைக்குத்தான், அதுக்குள்ள ஓடாதடா என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். மூலைக்கு வந்தபோது ஜோசப் குனிந்து ஏதோ திட்டுவது தெரிந்தது. பாக்கியராஜ் தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பிவிட்டுத் தலையை ஆட்டினான், முடியாது என்று.

"இன்னாடி, உன் ஆளு அடிக்கவே மாட்டாரா?" என்றாள் கன்னியம்மா.

"அவுரு முழங்கையப் பாருக்கா," என்றாள் விக்டோரியா. "அவன் எந்தப் பக்கம் வந்தாலும் அது அங்க முன்னாடியே நிக்குது பாரு."

கன்னியம்மா பார்த்தாள். மூன்றாவது ரவுண்டு முழுக்கப் பேசாமல் பார்த்தாள். முடிகிறபோது, "ஆமாண்டி," என்றாள்.

நாலாவது ரவுண்டில் பாக்கியராஜ் கண்ணைச் சிமிட்டினான்.

சண்டையில் அவன் சிமிட்டி விக்டோரியா பார்த்ததில்லை. இன்னொரு தடவை சிமிட்டினான். கையுறையின் பின்புறத்தால் கண்ணைத் தேய்த்தான். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மேற்கு வெயில் நேராக முகத்தில் அடித்தது. வியர்வையோடு எண்ணெய் உருகி இரண்டு கண்ணிலும் இறங்கிக்கொண்டிருந்தது. அண்டாவுக்கு முன்னால் எண்ணெய் கையில்தான் இருக்கும். கைக்குக் கீழே கண் கிடையாது.

கோபாலின் இடது தோள் கிளம்பியது. பாக்கியராஜுக்கு அது தெரியவில்லை. தெரியாதவன் அந்த இடத்தில் செய்யக்கூடியது ஒன்றுதான். முன்னால் விழுந்து கோபாலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டான். முகத்தைக் கோபாலின் தோளில் புதைத்துக்கொண்டான். நடுவர் பிரித்துவிட்டார். மறுபடி கட்டிக்கொண்டான். மைதானமே கூச்சல் போட்டது. பொண்டாட்டி அங்க நிக்கறா, போயி அவள கட்டிக்கோ என்றார்கள். நடுவர் விரலைக் காட்டி எச்சரித்தார். மூன்றாவது தடவை கட்டினபோது ஒரு பாயிண்டைக் குறைத்தார். விலாவில் நாலு அடி பொத்துப்பொத்தென்று விழுந்தது. முகத்தை மட்டும் அவன் கொடுக்கவில்லை. மூச்சுச் சத்தத்தையும் மேடைப் பலகை அசைவதையும் வைத்துக்கொண்டு, கண் தெரியாமலே முழங்கையை ஏற்றியும் இறக்கியும் அந்த ரவுண்டை ஓட்டினான்.

மணி அடித்ததும் விக்டோரியா மூங்கிலுக்குக் கீழே குனிந்து வெளியே வந்தாள். மேடையில் பொம்பளை ஏறுகிற வழக்கம் இல்லை. யாரோ கையை நீட்டித் தடுத்தார்கள். அவள் நிற்கவில்லை. மூலைப் படியில் ஏறி, முந்தானையைத் தண்ணீர்ச் சொம்பில் முக்கிப் பிழிந்து, அவன் முகத்தைப் பிடித்து மேலிருந்து கீழாக அழுத்தித் துடைத்தாள். இரண்டாவது தடவையும் மூன்றாவது தடவையும் துடைத்தாள். நடுவர் என்னமோ சொன்னார். அமீருதீன் பாய் முன்வரிசையிலிருந்து, துடைக்கட்டும் விடுங்க என்றார்.

"தெரியுதா?"

"கொஞ்சம்."

"நான்தான் எண்ணெய அப்பிட்டேன்."

"ஊம்."

"கண்ணத் தெற. இப்ப?"

அவன் கண் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. அவளைப் பார்த்தான். அவள் தோளுக்கு மேலாக எதிர் மூலையில் கோபால் மூச்சு வாங்குவதைப் பார்த்தான்.

"தெரியுது," என்றான். "அவன் களைச்சிட்டான்."

ஜோசப் அதுவரைக்கும் வாளியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றான். என்ன நினைத்தானோ, மச்சான், உன் போக்கிலேயே நில்லு, நீ செய்யறதுதான் சரி என்றான்.

ஐந்தாவதும் ஆறாவதும் விக்டோரியா மேடைக்குக் கீழேயே நின்று பார்த்தாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. கோபால் அடித்த அடியெல்லாம் இப்போது ஒரு விரல்கடை தூரத்தில் செத்தது. பாக்கியராஜ் அரை அடிக்கு மேல் நகரவில்லை. இடது கையை நீட்டினான், தொட்டான், இழுத்தான். நாலைந்து தடவை கோபால் சொந்த வேகத்திலேயே தடுமாறிக் கயிற்றில் போய்ச் சாய்ந்தான். கூட்டத்தின் கூச்சல் எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியாது. ஆறாவது ரவுண்டில் பலகை மேல் கால் தேய்கிற சத்தம் கேட்டது.

நடுவர் கோபாலின் கையைத் தூக்கினார். ஒரே பாயிண்டு வித்தியாசம். கட்டிப் பிடித்ததற்குக் குறைத்த பாயிண்டு.

கோபாலுக்கு மாலை விழுந்தது. அவன் மாலையோடேயே இந்த மூலைக்கு வந்தான். பாக்கியராஜின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு விக்டோரியாவிடம் சொன்னான்.

"யக்கா, ஜெயிச்சது நான்னு சொல்றாங்கோ. ஆறு ரவுண்டுல இந்த மூஞ்சிய நான் ஒரு தபா கூடத் தொடல. தொட்டனா சொல்லு."

"இல்லப்பா."

"இல்ல," என்றான் கோபால். தலையை ஆட்டிக்கொண்டே போனான்.

வண்டிக்கு நடக்கும்போது விக்டோரியா, என்னால்தான் தோற்றாய் என்றாள். அவள் அழுதுவிடுவாள் போலிருந்தது.

"கண்ணு தெரியாம ஒரு ரவுண்டு தடுத்தன் பாத்தியா," என்றான். அவன் குரலில் அப்படி ஒரு மிதப்பை அவள் கேட்டதில்லை. "எனக்கே தெரியாது, அது என்னால முடியும்னு."

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகவில்லை. தாய்ப்பால் விட்டால் எரிச்சல் அடங்கும் என்று பக்கத்து வீட்டுக் கைப்பிள்ளைக்காரி ஒரு சங்கில் கொண்டுவந்து கொடுத்தாள். மூன்று வேளை விட்டார்கள். சாயங்காலம் சிவப்பு இறங்கியது.

திங்கட்கிழமை பெரம்பூரில் அவள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே நடந்ததை அவன் பிறகு சொன்னான். சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். முன்கை இரண்டும் தோளும் விலாவும் நாவல்பழமாகக் கறுத்திருந்ததை டாக்டர் பார்த்து, இது என்ன என்று கேட்டார். சனிக்கிழமை கொஞ்சம் வேலை சார் என்றான் இவன். கையை மடக்கி நீட்டச் சொன்னார், மூச்சை இழுத்துவிடச் சொன்னார், முறிவு இல்லை என்று விட்டுவிட்டார். பிறகு ஒரு கண்ணை மூடி எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். கடைசி வரி வரைக்கும் படித்தான். மற்றக் கண்ணாலும் படித்தான். இருட்டறையில் சிவப்பும் பச்சையுமாக விளக்குப் பொட்டுகளை மாற்றி மாற்றிக் காட்டினார்கள். ஒன்றுகூடத் தப்பவில்லை. குமாஸ்தா முத்திரை குத்தின சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டது.

மத்தியானம் சென்ட்ரலில் வண்டி ஏறினார்கள். அவன் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரைக்கும் பொத்தான் போட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தான். மீஞ்சூரில் வாழைத்தாரோடு ஒருவர் ஏறி எதிரே உட்கார்ந்தார். வந்ததும் பேச ஆள் தேடினார்.

"சனிக்கெழம பொன்னேரில சண்டை நடந்துச்சே, பாத்தியா நைனா?"

"பாத்தேன்," என்றான் பாக்கியராஜ்.

"நான் வரத் தோதுப்படல. அந்தக் கவரப்பேட்ட ஆளுக்கு மூஞ்சி பூசணிக்கா மாரி வீங்கிப்பூட்ச்சாமே. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயிருக்காங்கன்னு சொல்லிக்கினாங்கோ."

"ஆஸ்பத்திரிக்குப் போனது மெய்தான்."

"பாத்தியா. கோபாலு கை அப்படி. நீ கிட்டக்க இருந்து பாத்தியா, தூரக்க இருந்தா?"

"கிட்டக்கதான்."

வாழைத்தார்க்காரர் பெருமூச்சு விட்டார். அடி வாங்கியவனைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை என்று வருத்தப்பட்டார். எதிரே இருந்த முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் இதையெல்லாம் சொன்னார். அதில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு கீறல் இல்லை, ஒரு வீக்கம் இல்லை. வெயிலில் வேலை பார்க்கிற யாருடைய முகமாகவும் அது இருக்கலாம்.

விக்டோரியா அந்த ஒன்றுமில்லாத முகத்தை, கவரைப்பேட்டை வருகிற வரைக்கும், கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டு வந்தாள்.